ஆள் தேடித் தந்தவர் வேலை தேடும்போது

வழக்கமாக எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஹெச்.ஆர்.காரர்கள் மேல் புகார்தான். கூப்பிட்டார்கள், நன்றாகப் பேசினார்கள், அப்புறம் ஆளையே காணோம் என்று. இந்த முறை அந்தப் பக்கத்திலிருந்தே கடிதங்கள் வந்திருக்கின்றன. நானும் 1998 முதல் அந்தப் பக்கத்து ஆள் என்பதால் முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியர் பொறுத்துக்கொள்வார்.

கேள்வி: ஐ.டி. துறையில் எட்டு வருடமாக ரெக்ரூட்டர். கடைசி நிறுவனத்தில் ஐந்து வருடம் இரண்டு மாதம் இருந்தேன். ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை டீம்ஸில் அழைத்தார்கள். பதினோரு நிமிடம் பேசினார்கள். 14 பேர் குழுவில் இனி 4 பேர் போதுமாம். நானே ராஜினாமா செய்வதுபோல் போர்ட்டலில் போடச் சொன்னார்கள், போட்டேன். இரண்டு மாதச் சம்பளம் தந்தார்கள். கணவருக்குத் தெரியும், மாமியாருக்குச் சொல்லவில்லை. முன்பும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன் என்பதால், இப்போதும் காலை ஒன்பதரைக்குக் கதவைச் சாத்தி ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்கிறேன். பதினோரு மணிக்கு மாமியார் காபி கொண்டுவந்தால் மீட்டிங்கில் இருப்பதாகக் கைகாட்டுகிறேன். 200 இடத்துக்கு மேல் விண்ணப்பித்துவிட்டேன், எல்லாமே ஐ.டி. சர்வீசஸ் கம்பெனிகள். நான்கு இன்டர்வியூ வந்தன. ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டால் 'கெரியர் குரோத்' என்கிறேன். எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்கடன் தவணை மாதம் 34,000. வயது 33. இந்தத் தொழிலையே விட்டுவிடலாமா? ரெஸ்யூமேயும் செட்டில்மென்ட் தாளும் இணைத்திருக்கிறேன்.
(பெயர் வேண்டாம், மேடவாக்கம்)

பதில்: முதலில் அந்தக் காபியை ஆறுவதற்குள் குடியுங்கள்.

இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தீர்கள் என்று கணக்கு எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பேருக்குப் போன் செய்தீர்கள் என்று எழுதவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேரைக் கூப்பிட்டு, "வேற வேலை பாக்குற ஐடியா இருக்கா சார்?" என்று கேட்டே எட்டு வருடம் சம்பாதித்தவர் நீங்கள். இப்போது மூன்று மாதமாகச் சத்தமில்லாமல் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள். காரணம் எனக்குப் புரிகிறது. வாய்விட்டுப் பேசினால் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும். அதனால் மாமியாரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மருமகள் பொய் சொல்லக் கூடாது என்ற உபதேசமெல்லாம் எனக்கு வராது. போன் பேச உங்களுக்கு ஓர் அறை வேண்டும், அவ்வளவுதான்.

விண்ணப்பம் போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் போட்ட விளம்பரத்துக்கு மாலைக்குள் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். மேலாக இருக்கும் முப்பதைத் திறப்போம், ஐந்தை எடுப்போம், மீதியை யாரும் சீந்த மாட்டார்கள். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். நானும் செய்திருக்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்து நாளிதழின் புதன்கிழமை வேலைவாய்ப்பு இணைப்பில் விளம்பரம் கொடுத்தால், அடுத்த வாரம் சாக்குமூட்டையில் தபால் வரும். அப்போதிருந்து எனக்கு ஒரு பழக்கம். யாரிடம் பேசினாலும் நீளமான நோட்டில் பெயர், ஊர், ஒரு வரி. "கும்பகோணம். அப்பா தபால் துறை. பெங்களூர் போக மாட்டார்." இந்த மாதிரி.

லேமன் பிரதர்ஸ் நியூயார்க்கில் விழுந்தது 2008 செப்டம்பரில். கிண்டியில் என் மேசைக்கு அது வந்து சேர 2009 பிப்ரவரி ஆனது. ஒரு அட்டைப்பெட்டியில் தண்ணீர் பாட்டிலும் மணிபிளான்ட்டும் இரண்டு நோட்டுமாக வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் அழுதேன். எட்டாம் நாள் நோட்டைத் திறந்து, நான் வேலை வாங்கித் தந்தவர்களைக் கூப்பிட ஆரம்பித்தேன். பாவம், அவர்களே பயந்துபோய் இருந்தார்கள். "மேடம், எங்க ப்ராஜெக்ட்டே ஆட்டம் கண்டிருக்கு" என்றார்கள்.

அப்போதுதான் சிவப்பு மைக் குறிகள் கண்ணில் பட்டன. ஆஃபர் லெட்டர் வாங்கி, திங்கட்கிழமை கட்டாயம் வருகிறேன் என்று சத்தியம் செய்து, அன்று காலை போனை அணைத்துவைத்தவர்கள். நம் பாஷையில் 'ட்ராப்'. அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போடுவேன். மொத்தம் பதினேழு இருந்தன. வீம்புக்கு ஒருவரைக் கூப்பிட்டேன். "மேடம், நீங்களா? அன்னைக்கு உங்களை ஏமாத்திட்டேன், இன்னும் உறுத்துது" என்றார். அன்று நான் அவரைத் திட்டவில்லையாம், "பரவாயில்ல, நல்லா இருங்க" என்று சொன்னேனாம். எனக்கு நினைவே இல்லை. திட்டியிருப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நிறுவனத்தில் மேலாளர். மூன்றாம் வாரம் அங்கே சேர்ந்தேன், சம்பளம் கால்பங்கு குறைவு. மீதிப் பதினாறு பேரில் ஐந்து பேர் போனை எடுக்கவே இல்லை. ஒருவர் எனக்கே இன்ஷூரன்ஸ் பாலிசி விற்கப் பார்த்தார்.

உங்களிடம் நோட்டு இருக்காது. பழைய கம்பெனி டேட்டாபேஸைத் தொடவும் கூடாது. ஆனால் லிங்க்ட்இன் இருக்கிறது, அதில் பேசியதெல்லாம் அப்படியே கிடக்கும். உங்கள் ட்ராப்களைப் பட்டியல் போடுங்கள். அவர்களுக்கு உங்களிடம் ஒரு சின்னக் கடன் பாக்கி இருக்கிறது. அடுத்து, நீங்கள் யாருக்கெல்லாம் ஆள் எடுத்துக் கொடுத்தீர்களோ அந்த மேனேஜர்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது வேறு கம்பெனியில் இருப்பார்கள். "வேலை இருக்கா?" என்று ஆரம்பித்தால் "ஹெச்.ஆர். கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடுவார்கள். "உங்க டீமுக்கு இப்ப யார் ஆள் எடுத்துத் தர்றாங்க?" என்று கேளுங்கள். ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயருக்கு அடுத்த போன். இதெல்லாம் நீங்கள் தினமும் செய்த வேலைதான், உங்களுக்காகச் செய்ததில்லை, அவ்வளவுதான்.

ரெஸ்யூமேக்கு வருகிறேன். முதல் வரியே 'எண்ட் டு எண்ட் ரெக்ரூட்மென்ட்டுக்குப் பொறுப்பு'. நான் பார்த்த எல்லா ரெக்ரூட்டர் ரெஸ்யூமேயிலும் இந்த வரி உண்டு, என்னுடையதிலும் இருந்தது. ஒரு ஜாவா ஆள் 'சாஃப்ட்வேர் எழுதினேன்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் நீங்கள் திறப்பீர்களா? உங்கள் தங்கம் இரண்டாம் பக்கத்தில் எட்டாவது புள்ளியாக ஒளிந்திருக்கிறது. போன நிதியாண்டில் 64 ஆஃபர், 49 பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதைத் தூக்கி மேலே வையுங்கள். "64 ஆஃபர், 49 சேர்க்கை. டேட்டா இன்ஜினீயரிங், கிளவுட். பெரும்பாலோர் 90 நாள் நோட்டீஸில் இருந்தவர்கள்." இதைப் படித்ததும் தொழில் தெரிந்தவர் நிமிர்ந்து உட்காருவார். ஒருவரை 90 நாள் கையில் பிடித்துவைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா? அதற்குள் அவருக்கு இன்னும் இரண்டு ஆஃபர் வரும். பழைய கம்பெனி சம்பளத்தை ஏற்றித் தரும். மாமனார் வந்து இருக்கிற இடத்திலேயே இரு என்பார். அத்தனையையும் தாண்டி நான்கில் மூன்று பேரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள். ரெஸ்யூமே தேடிப் பொறுக்குவதை இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது. மாமனாரிடம் பேச அது இன்னும் கற்கவில்லை. வராத 15 பேர் ஏன் வரவில்லை என்பதையும் கையில் வைத்திருங்கள். நல்ல இன்டர்வியூவில் அதைத்தான் கேட்பார்கள்.

இந்தக் கெரியர் குரோத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூன்று மாதமாக வீட்டில் இருப்பவர் வாயிலிருந்து அது வந்தால் எதிரில் இருக்கும் ஹெச்.ஆர். உள்ளுக்குள் சிரிப்பார். "14 பேர் குழுவை 4 பேராக்கினார்கள். போன பத்துப் பேரில் நான் ஒருத்தி." இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை நீக்கியபோது, அடுத்த வருடம் குறைவாகத்தான் ஆள் எடுப்போம், அதனால் ரெக்ரூட்டிங் பிரிவுக்கு அடி கூடுதலாக இருக்கும் என்று மார்க் ஸக்கர்பெர்க்கே தன் கடிதத்தில் எழுதினார். 2021-இல் ஆள் பஞ்சம் வந்தபோது ரெக்ரூட்டர்களையே கூட்டம் கூட்டமாக எடுத்தார்கள். அலை வடிந்ததும் முதலில் கரை ஒதுங்கியது நாம்தான். கேட்கிறவருக்கும் இது தெரியும், அவருக்கும் அடிவயிற்றில் அந்தப் பயம் இருக்கும். இன்னொன்று, நீங்கள் நாளைக்கே வந்து சேரக்கூடியவர். 'இமிடியேட் ஜாய்னர்' என்று ஒரு வார்த்தை பார்த்தால் நாம் எப்படிப் பாய்ந்து போன் செய்வோம்! அதை ரெஸ்யூமேயின் தலைப்பில் எழுதவில்லையே நீங்கள்.

ராஜினாமா என்று போட்டது போட்டாயிற்று. தேதியில் மட்டும் விளையாடாதீர்கள். பி.எஃப். கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியை வைத்து நீங்களே எத்தனை பேரைப் பிடித்திருப்பீர்கள். அங்கே வெளியேறிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி பதிவு செய்யாமல் விட்டிருந்தால், கடைசி மாதச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் நீங்களே யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) கணக்கில் நுழைந்து போட்டுக்கொள்ளலாம். பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், நீங்கள் எட்டைத் தாண்டியவர்.

செட்டில்மென்ட் தாளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, என்ற வரியே இல்லை. ஐந்து வருடம் முடித்தவருக்கு அது சட்டப்படி உரிமை. ராஜினாமா செய்தாலும் உண்டு. கணக்கு இப்படி: கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். உங்கள் அடிப்படை 40,000. அப்படியானால் ஐந்து வருடத்துக்கு 1,15,000 ரூபாய்க்கு மேல். மூன்று தவணையைவிட அதிகம். எழுதிக் கேளுங்கள், ஒப்புகை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் கொடுத்திருக்க வேண்டிய பணம் அது. தராமல் இழுத்தால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. எட்டு வருடம் ஹெச்.ஆரில் இருந்த உங்களுக்கே இது தெரியவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்ல? அப்புறம் கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் கடைசி வேலை நாளோடு போயிருக்கும். குடும்பத்துக்குத் தனி பாலிசி இல்லையென்றால் வேலை தேடுவதற்கும் முன்னால் அதை எடுங்கள்.

சரி, எங்கே தேடுவது? நீங்கள் விண்ணப்பித்த 200-ம் ஐ.டி. சர்வீசஸ் கம்பெனிகள்தான். கூட்டம் நிற்கும் பேருந்தையே துரத்துகிறீர்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்காக இங்கே நடத்தும் மையங்கள், ஜி.சி.சி. என்கிறார்களே, 2024 கணக்குப்படி இந்தியாவில் 1,700-க்கு மேல், அவற்றில் 19 லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் ரெக்ரூட்டரை நேரடியாக எடுப்பது குறைவு. வேறொரு கம்பெனியின் பேரோலில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று கான்ட்ராக்ட்டில் எடுப்பார்கள். கௌரவம் பார்க்காதீர்கள். பி.எஃப். யார் கட்டுவார்கள், எத்தனை நாள் நோட்டீஸில் அனுப்பலாம் என்பதை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். "ஆறு மாசத்துல பெர்மனென்ட் பண்ணிடுவோம்" என்று வாயால் சொன்னால், நீங்கள் எத்தனை பேருக்கு அப்படிச் சொன்னீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர். அங்கே ஆள் எடுப்பது முற்றிலும் வேறு வேலை. ஒரகடத்தில் ஹெச்.ஆரில் இருக்கும் என் தோழியின் அறையில் ஒருநாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கணினியில் வார்த்தைகளைக் கோத்துத் தேடும் பூலியன் சர்ச் கிடையாது, லிங்க்ட்இன் கிடையாது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் அம்மா. திருவண்ணாமலையிலிருந்து ஒருவர், அரியலூரிலிருந்து ஒருவர். "ஹாஸ்டல்ல வார்டன் உண்டா? நைட் ஷிஃப்ட் முடிஞ்சா பஸ் ஹாஸ்டல் வாசல்ல நிக்குமா, மெயின் ரோட்டுல விட்டுருவாங்களா? ராத்திரிக்குச் சோறா, சப்பாத்தியா?" தோழி ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு அம்மாவிடம் மட்டும் பன்னிரண்டு நிமிடம். வைத்துவிட்டு, "இந்தப் பொண்ணு வந்தா அவ தெருவுல இருந்து இன்னும் நாலு பேர் வரும்" என்றார். சிப்காட் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்ததே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அந்த அறையில்தான் புரிந்தது. அங்கே ஆள் பிடிப்பதே படுக்கையையும் பேருந்தையும் வைத்துத்தான். அம்மாக்களுடன் பேசத் தெரிந்த, பாலிடெக்னிக் முதல்வர்களுடன் பழகத் தெரிந்த ரெக்ரூட்டருக்கு அங்கே தேவை இருக்கிறது. மேடவாக்கத்திலிருந்து ஒரகடம் தினமும் போய்வருவது கஷ்டம்தான். வண்டலூர் வழியாகக் கம்பெனிப் பேருந்து இருக்கிறதா என்று கேளுங்கள்.

தொழிலை விடலாமா என்றால், வேண்டாம், இன்னும் மூன்று மாதம் பாருங்கள். ஆனால் தினமும் பத்து போன் என்று கணக்கு வைத்துப் பாருங்கள், விண்ணப்பக் கணக்கு வேண்டாம். சம்பளத்தில் பத்து, பதினைந்து சதவீதம் விட்டுக்கொடுக்கலாம். முப்பது சதவீதம் குறைத்துக் கேட்டால் எழுந்து வாருங்கள். கிராஜுவிட்டி வந்தால் உங்களுக்கு அந்தத் தெம்பு இருக்கும்.

கேள்வி: 46 வயது. போரூர். டெலிவரி ஹெட்டாக இருந்தேன், பிரிவையே மூடிவிட்டார்கள். கையில் எட்டு லட்சம் இருக்கிறது. கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்சி சொந்தமாக ஆரம்பிக்கலாமா? கல்ஃப் நாடுகளுக்கு ஆள் அனுப்பினால் நல்ல லாபம் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: எட்டு லட்சத்தில் ஆபீஸ் பிடித்து இன்டீரியர் செய்யப் போகிறீர்கள் என்றால் இத்துடன் படிப்பதை நிறுத்திவிடலாம். வீட்டு மொட்டைமாடி அறையில், ஒரு போனும் ஒரு நௌக்ரி லாகினுமாக ஆரம்பிப்பதென்றால் பேசுவோம்.

இந்தத் தொழிலின் வழக்கமான கமிஷன் 8.33 சதவீதம், அதாவது ஆளின் ஒரு மாதச் சம்பளம். 12 லட்சம் சி.டி.சி. (மொத்த ஆண்டுச் சம்பளம்) உள்ள ஒருவரைச் சேர்த்தால் ஒரு லட்சம். கேட்க இனிப்பாக இருக்கும். நாள்கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜனவரியில் ஆளைப் பிடிக்கிறீர்கள், பிப்ரவரியில் ஆஃபர். 90 நாள் நோட்டீஸ், மே மாதம் சேர்கிறார். சேர்ந்த பிறகுதான் பில் போட முடியும். ஜூலையில் பணம் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். 90 நாளுக்குள் ஆள் ஓடிப்போனால் இலவசமாக வேறு ஆள் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். ஆக, முதல் ரூபாயைப் பார்க்க ஏழெட்டு மாதம். உங்கள் எட்டு லட்சம் அதுவரை வீட்டுச் செலவுக்கு.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை முதல் நாளே செய்துவிடுங்கள், இலவசம். அது இருந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஆள் எடுத்த கம்பெனிகள் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் வட்டி. அதைவிட முக்கியம், கெடுவுக்குள் தராத பணத்தை அவர்கள் அந்த வருடச் செலவாக வருமானவரியில் காட்ட முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் காட்ட முடியும். மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே போன் செய்வார். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பெரிய கம்பெனிகள் அது இல்லாமல் உங்களைப் பட்டியலில் சேர்க்கத் தயங்குவார்கள்.

கல்ஃப் நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், "லைசென்ஸ் யார் பேர்ல?" 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க மத்திய அரசின் உரிமம் வேண்டும், வங்கி உத்தரவாதம் வேண்டும். உரிமம் உள்ளவர்களே ஒருவரிடம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். சப் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு பாஸ்போர்ட்களை வாங்கி வைத்திருப்பவர் நாளைக்கு மாட்டும்போது உங்கள் பெயரைத்தான் சொல்வார். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பி கம்போடியா, மியான்மர் போய் மோசடிக் கூடங்களில் சிக்கிய நம் பிள்ளைகளையும் யாரோ ஒரு 'கன்சல்டன்ட்'தான் விமானம் ஏற்றிவிட்டார். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வேலை தேடி வருகிறவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ரெஸ்யூமே திருத்தித் தருகிறேன் என்ற பெயரிலும் வேண்டாம்.

கேள்வி: கோயம்புத்தூரில் மூன்று வருடம் யு.எஸ். ஸ்டாஃபிங்கில் பெஞ்ச் சேல்ஸ் செய்தேன். அமெரிக்காவில் ப்ராஜெக்ட் இல்லாமல் இருக்கும் ஐ.டி. ஆட்களை அங்குள்ள கம்பெனிகளுக்குப் பேசி அனுப்பும் வேலை. மாலை ஆறரை முதல் விடிகாலை மூன்றரை வரை. இப்போது ஆட்குறைப்பு. வேறொரு பெஞ்ச் சேல்ஸ் கம்பெனி கூப்பிடுகிறது. போகலாமா? வயது 26.

பதில்: தம்பி, 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்கா அறிவித்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீ விற்கும் சரக்கே அந்த விசாவில் வந்தவர்கள்தான். வாடகைக்கு வேறு வழியில்லை என்றால் மட்டும் போ.

நீ செய்தது ரெக்ரூட்டிங் என்று நீ நினைக்கிறாய். அது விற்பனை. முகம் தெரியாதவரை ராத்திரியில் கூப்பிட்டு, மணிக்கு எத்தனை டாலர் என்று பேரம் பேசி முடித்திருக்கிறாய். பகல் வேலையில், ஒரு மென்பொருள் கம்பெனியின் இன்சைட் சேல்ஸில், அதாவது போனிலேயே விற்கும் பிரிவில், இதற்கு நல்ல மதிப்பு. ரெக்ரூட்டராகவே இருக்க வேண்டுமென்றால் உள்ளூரில் ஆஸ்பத்திரிகளையும் மில்களையும் பார். இந்தி தெரிந்தால் சொல். ஒடிசா, ஜார்கண்ட், பீகாரிலிருந்து ஆள் எடுக்கும் மில்களில் அது பெரிய தகுதி. முதலில் ஒரு மாதம் ராத்திரி தூங்கு.

கேள்வி: நான் ரெக்ரூட்டர் இல்லை, வேலை தேடுகிறவன். ஒரு கம்பெனி ஹெச்.ஆர். மேடம் மூன்று முறை பேசினார், "வெள்ளிக்கிழமை ஆஃபர் வந்துடும்" என்றார். ஐந்து வாரமாக மெயிலுக்குப் பதில் இல்லை. இவர்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?
(வாசகர், திருச்சி)

பதில்: அவருடைய ஆபீஸ் மெயிலுக்குத்தானே எழுதுகிறீர்கள்? அவரை லிங்க்ட்இனில் தேடிப் பாருங்கள். அவருக்கே வேலை போயிருக்கலாம், உங்கள் மெயில்கள் திறக்க ஆளில்லாத பெட்டியில் விழுந்துகொண்டிருக்கலாம். அப்படியென்றால் இரண்டு வேலை செய்யுங்கள். கம்பெனியின் பொது எண்ணுக்குப் போன் செய்து, "இந்தப் பணிக்கு இப்போது யார் ஆள் எடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அப்புறம் அந்த மேடத்துக்கு லிங்க்ட்இனில் ஒரு வரி போடுங்கள். உங்கள் ஊரில் எந்தக் கம்பெனியாவது ரெக்ரூட்டர் தேடுவது தெரிந்தால், அதையும் சேர்த்து எழுதுங்கள். மேடவாக்கத்திலும் ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார்.